இறங்க மட்டும்

கடலோரச் சந்தைக் கழகத்தின் வடக்கு வட்ட அலுவலகம் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் கட்டப்பட்டது. ஒரு பெருமழையில் பழைய அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்து கோப்புகளெல்லாம் ஊறிப்போனதால், இனி எதுவும் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரமாக, ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கட்டடம் எழுப்பி, முன்னால் செங்குத்தாகப் படிக்கட்டு வைத்தார்கள். அதற்குப் பிறகு பெய்த எந்த மழையிலும் தண்ணீரால் உள்ளே போக முடியவில்லை. முத்தம்மாவாலும் போக முடியவில்லை.

முத்தம்மா குப்பத்துக்காரி. கல்யாணமான மறுமாசத்திலிருந்து மீன் விற்றவள். விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி வந்து, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தரையில் குந்தி விற்பாள். போன வருஷம் துறைமுகத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, கையில் ஒரு வாக்கரைக் கொடுத்து அனுப்பினார்கள். இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. கிள்ளினாலும் தெரியாது. முதலில் அது அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ போட்டுவிட்டுப் போன தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பாள். மருமகள் பெருக்கும்போது, "அத்தே, கால" என்பாள். முத்தம்மா காலைத் தூக்குவாள். ஒரு நாள் முழுவதும் அவளிடம் யாரும் பேசியது அவ்வளவுதான்.

தரையில் குந்த முடியாது என்பதுதான் அவளுடைய பிரச்சினை. மற்றபடி கை நன்றாக இருந்தது, வாய் நன்றாக இருந்தது, எந்த மீன் நேற்றையது என்று பார்க்கும் கண்ணும் நன்றாக இருந்தது. அப்போதுதான் கழகம் புது மீன் சந்தை கட்டியது. சாலையோரம் விற்றவர்களுக்கெல்லாம் குலுக்கல் முறையில் கடை. அதில் வாசலை ஒட்டிய கடை ஒன்று, நடக்க இயலாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குப் படி கிடையாது. இடுப்பு உயரத்தில் கல் மேடை, பக்கத்தில் ஒரு உயரமான ஸ்டூல். முத்தம்மாவோடு மீன் விற்ற பழைய கூட்டாளி சிலுவையம்மாள் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு நேரே முத்தம்மாவின் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாமே, டிவி பொட்டிக்கு வாட்ச்மேன் வேல பாத்துகினு கீற. எந்திரி. உன்ன அளவெடுத்து ஒரு கட கட்டி வச்சிக்கீறான்."

முத்தம்மா எழுந்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

கொழுந்தன் மாரியப்பன் தன் ஆட்டோவில் இருவரையும் அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டான். முத்தம்மா படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். வாக்கரைச் சிலுவையம்மாளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, மற்றக் காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினாள். பாதி வழியில் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, நில்லுங்க. ஏறாதீங்க."

இளநிலை உதவியாளர் மோகனப்ரியா. நல்ல பெண். பதறிப்போய்த்தான் ஓடி வந்திருந்தாள்.

"மனு எந்தக் கடைக்கு?"

"வாசல் கட கண்ணு."

"நடக்க முடியாதவங்க கடையா? அப்போ தயவு செஞ்சு ஏறாதீங்கம்மா. மேல வந்துட்டீங்கன்னா உங்களால ஏற முடியும்னு ஆயிடும். அப்புறம் அந்தக் கடைக்கு உங்களுக்குத் தகுதி போயிடும்."

முத்தம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கம்பி வெயிலில் சுட்டது.

"அப்ப நீ எறங்கி வந்து மனுவ வாங்கிக்கம்மா" என்றாள் சிலுவையம்மாள் கீழிருந்து.

"மனுவ வாங்கிக்கலாம். ஆனா குலுக்கல் அன்னிக்கு அவங்களே வந்து, அவங்க கையால, அதிகாரி முன்னாடி சீட்டு எடுக்கணும். வரலன்னா வராதவங்கன்னு எழுதிடுவோம்."

"அந்த அதிகாரிக்குக் கால் இல்லியா? கீழ வர்றது."

மோகனப்ரியா இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இருக்குக்கா. ஆனா அலுவல் நேரத்துல இருக்கைய விட்டு வந்து செஞ்சா அது செல்லாது. இருக்கை மேலதான இருக்கு."

"நானும் எங்க ஆளுங்களும் அண்ணிய அப்டியே அலேக்கா தூக்கினு வந்துர்றோம்" என்றான் மாரியப்பன். "கரையில போட்டையே தூக்குறோம், இது இன்னா."

"அது கூடவே கூடாது. சுற்றறிக்கை வந்திருக்கு. மாற்றுத்திறனாளிகளை யாரும் தூக்கிட்டு வரக் கூடாது. அது அவங்க மாண்புக்கு இழுக்கு."

முத்தம்மா பாதிப் படியில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டாள். மேலே போனால் கடை கிடையாது. கீழே இருந்தால் வராதவள். நின்ற இடத்தில் மட்டும் அவளுக்குத் தகுதி இருந்தது. "பாதி ஏறினதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். மோகனப்ரியா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பாதி ஏறியதை இந்த ஒரு தடவை பொருட்படுத்த வேண்டாம் என்று மேலிடம் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டதாகத் தெரிவித்தாள்.

"சரி கண்ணு" என்றாள் முத்தம்மா. ஏறியதைவிட இறங்குவது கஷ்டமாக இருந்தது.

மேலிடம் என்பது வட்ட அதிகாரி வேதமாணிக்கம். அன்று சாயங்காலம் அவர் படியிறங்கி, வேப்பமர நிழலில் நின்ற தன் ஜீப்பை நோக்கி வந்தபோது முத்தம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மனம் இளகிவிட்டது. இளகினால் அவர் பேசுவார்.

"அம்மா, தடை படியில இல்ல. மனசுல இருக்கு. என்னையே எடுத்துக்குங்க. எனக்கு ரெண்டு முழங்காலும் வலி. ஆனா தினமும் இந்தப் படியில ஏறுறேனா இல்லையா? ஏறி, நாள் பூரா ஒரே இடத்துல உட்கார்றேன். சாயங்காலம் எறங்குறேன். எந்த வேலையும் செய்ய முடியாத நிலைமையிலயும் இருபத்தஞ்சு வருஷமா நான் இந்தத் துறையில நீடிக்கிறேன்னா அதுக்குக் காரணம் தன்னம்பிக்கைதான்."

"சரி சார்" என்றாள் முத்தம்மா.

"இருந்தாலும் உங்களுக்காக இங்க ஒரு சாய்தளம் கட்டப்போறோம். அது முடியிற வரைக்கும் குலுக்கல ஒத்திவைக்கிறேன். நீங்க ஒருத்தர் வர முடியலன்னா மொத்தச் சந்தையும் திறக்காது. அவ்வளவு மதிப்பு உங்களுக்கு."

இந்த மதிப்பின் பயனை முத்தம்மா மறுநாளே தெரிந்துகொண்டாள். சந்தை அவளால்தான் திறக்கவில்லை என்று குப்பம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

சாய்தளம் கட்ட உதவிப் பொறியாளர் பெனிட்டோ வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், அதிகம் பேசாதவர். அளவு நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு உயரத்துக்குச் சாய்தளம் போட வேண்டுமானால் அது வளைந்து வேப்பமரம் வரை வர வேண்டும் என்றார்.

"வேப்பமரத்தடியில ஜீப் நிக்குது" என்றார் வேதமாணிக்கம்.

"ஜீப்ப அந்தப் பக்கமா நிறுத்தலாம் சார்."

"அந்தப் பக்கம் வெயில்."

பெனிட்டோ நாடாவைச் சுருட்டிக்கொண்டார். சாய்தளம் ஜீப்புக்கு முன்னால் முடிகிற மாதிரி வரைபடம் போட்டார். தளத்தை நீளமாக்க வழியில்லாததால் செங்குத்தாக்கினார்.

வேலை நடக்கும்போது வாரம் ஒருமுறை முத்தம்மாவை வரவழைத்தார்கள். பயனாளிகளின் கருத்தை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. அவளை ஒரு ஓரமாக உட்கார வைத்து, சிமென்ட் கலவை ஓடுவதைக் காட்டி, மோகனப்ரியா ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வாள். கருத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒருமுறை சிலுவையம்மாள் மட்டும் தளத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்த எதுக்குக் கட்றான்? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சறுக்குமரம் மாதிரி கீது."

தலைமையகத்திலிருந்து அணுகல் ஆய்வுக் குழு ஒன்றும் வந்தது. நடக்க முடியாதவர்களின் துயரத்தை அனுபவித்து உணர்வது அவர்கள் திட்டம். அதற்காகப் புதிதாக ஒரு சக்கர நாற்காலி வாங்கியிருந்தார்கள். அதைப் படிக்கட்டுக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்து, குழுவினர் ஒவ்வொருவராக உட்கார, கடைநிலை ஊழியர் ஒருவர் மாடத்தில் இங்கேயும் அங்கேயும் தள்ளினார். கடைசியில் வேதமாணிக்கம் உட்கார்ந்தார். இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"ஆச்சரியமா இருக்கு" என்றார் குழுவிடம். "உட்கார்ந்தபடியே எல்லா இடத்துக்கும் போக முடியுது. நமக்கு வேண்டியத அடுத்தவங்க கொண்டாந்து குடுக்கிறாங்க. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல." குழு அதைக் குறித்துக்கொண்டது. மாடத்தில் அணுகல் மிகச் சிறப்பாக இருப்பதாக அறிக்கை தந்துவிட்டுப் போனது. முத்தம்மா அப்போது கீழே, சிமென்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். கீழே வந்து பார்க்கக் குழுவுக்கு நேரம் இருக்கவில்லை.

தளம் காய்ந்ததும் பாரச் சோதனை. பெனிட்டோ அந்தச் சக்கர நாற்காலியில் மணல் மூட்டைகளை அடுக்கி, இரண்டு கூலியாட்களை வைத்துக் கீழிருந்து மேலே தள்ளச் சொன்னார். முக்கால் வழியில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. மற்றவன் புத்திசாலி, ஒதுங்கிக்கொண்டான். நாற்காலி மணல் மூட்டைகளோடு நேராக இறங்கி வந்து ஜீப்பின் கதவில் மோதி நின்றது. மணல் மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜீப் கதவு நசுங்கியதுதான் வடக்கு வட்டத்தின் வரலாற்றில் உடனடியாக விசாரிக்கப்பட்ட முதல் விபத்து. மறுநாளே கூட்டம் கூடியது. முத்தம்மாவும் பயனாளி என்ற முறையில் அழைக்கப்பட்டாள். கூட்டம் மேலே நடந்ததால் கீழே காத்திருந்தாள். முடிந்ததும் பெனிட்டோ இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்று, வேறு எங்கோ பார்த்தபடி முடிவைச் சொன்னார்.

"ஏறுறதுதான் ஆபத்துன்னு முடிவாகியிருக்கும்மா. ஏறும்போது வழுக்குனா கீழ வந்து ஜீப்ல மோதும். அதனால இத ஏறுறதுக்குப் பயன்படுத்தக் கூடாது. எறங்குறதுக்கு மட்டும்."

"எறங்கணும்னா மொதல்ல ஏறணுமே சார்" என்றாள் முத்தம்மா. குறையாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டாள்.

"நானும் கேட்டேன். சாய்தளம் இருக்கணும்னுதான் உத்தரவுல இருக்கு, எந்தத் திசைக்குன்னு போடலன்னாங்க." பெனிட்டோ தளத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கு இங்கருந்து மாற்றல் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் தளத்தின் அடியில் நீல நிறத்தில் ஒரு பலகை நட்டார்கள். சக்கர நாற்காலியின் படம் போட்டு, கீழே எழுதியிருந்தது: 'ஏறக் கூடாது. இறங்க மட்டும்.'

திறப்பு விழாவையும் குலுக்கலையும் ஒரே நாளில் வைத்தார்கள். ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தளத்தின் உச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தலைமையகத்து இயக்குநர் ரிப்பன் வெட்ட, முத்தம்மா முதல் பயனாளியாகத் தளத்தில் இறங்கி வர வேண்டும். அதற்கு அவளை மேலே கொண்டுபோக வேண்டும். விழாவை முன்னிட்டு, அன்று ஒரு நாள் விழா முடியும்வரை மட்டும், மாண்பு தொடர்பான சுற்றறிக்கையிலிருந்து தளர்வு வழங்கப்பட்டது.

மாரியப்பனும் அவன் கூட்டாளிகளும் சக்கர நாற்காலியோடு அவளைத் தோளில் ஏற்றினார்கள். "புடி, புடி. தோஸ்து, அந்தப் பக்கம் சாயுது பாரு. அண்ணி, ஆடாத குந்து" என்று பேசிக்கொண்டே படியில் தூக்கிச் சென்றார்கள். புகைப்படக்காரர் ஒருமுறை சரியாக விழவில்லை என்றதால், இறக்கி, திரும்பவும் தூக்கினார்கள்.

அப்படித்தான் முத்தம்மா முதன்முறையாக மேலே வந்து சேர்ந்தாள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். துண்டு போர்த்திய சுழல் நாற்காலி. அதற்கு முன்னால் மேஜை. மேஜைமேல் பூச்சரம் சுற்றிய பித்தளைக் குடம். அதற்குள்தான் சீட்டுகள் இருந்தன. கை நீட்டினால் எட்டிவிடும் தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாக்கரோடு போய்விடக்கூடிய தூரம். நெஞ்சில் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. "வந்துட்டேன் இல்ல கண்ணு, இப்பவே ஒரு சீட்ட எடுத்துட்டுப் போயிட்றனே" என்று மோகனப்ரியாவிடம் கேட்டாள்.

"விழா முடிஞ்சதும்தாம்மா குலுக்கல். மொதல்ல நீங்க எறங்கணும். நிகழ்ச்சி நிரல்ல அப்படித்தான் இருக்கு."

இயக்குநர் வந்து ரிப்பனை வெட்டினார். பேசினார். "ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்துக்குள் சிலரால் வர முடியாமல் இருந்தது. இன்று அந்த நிலை மாறியிருக்கிறது. இன்று இவர்களால் இங்கிருந்து வெளியேற முடிகிறது. மற்ற எந்த வட்டமும் செய்யாத சாதனை இது. மக்கள் எங்களிடமிருந்து எளிதாக வெளியேற வேண்டும் என்பதுதான் எங்கள் நெடுநாள் கனவு." ஷாமியானாவில் கைதட்டினார்கள்.

நாற்காலியின் பின்புறத்தில் கயிறு கட்டி, கரையிலிருந்து படகைத் தண்ணீரில் இறக்குகிற மாதிரி, மாரியப்பன் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டார்கள். முத்தம்மா இரண்டு கைப்பிடியையும் பற்றிக்கொண்டு, வானத்தையும் மின்கம்பியையும் பார்த்தபடி கீழே வந்தாள். அடியில் இயக்குநர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். "எப்படி இருந்தது?" என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார்கள். "வந்துட்டேன் சார்" என்றாள். மறுபடியும் கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் மேலே போனார்கள். மாரியப்பன் ஆட்களைக் கட்டடத்தின் பின்பக்கம் பிரியாணி போடுகிறார்கள் என்று அழைத்துப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் குலுக்கல் தொடங்கியது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. குப்பத்துப் பெண்கள் படியேறிப் போய், கடை எண்ணோடு சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருத்தி போகிறபோக்கில் முத்தம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சந்தை திறந்துவிடும் என்பதால் இப்போது யாருக்கும் கோபம் இல்லை.

"வாசல் கடை. ஒதுக்கீடு. ஒரே மனுதாரர், முத்தம்மா. வரலாம்" என்றது ஒலிபெருக்கி.

"தோ கீறேன்" என்றாள் முத்தம்மா.

"முத்தம்மா வந்திருக்கிறாரா?"

சிலுவையம்மாள் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினாள். "கீழ கீது சார், உங்காளுங்கதான எறக்கி உட்டாங்க. ஒரு ஆளு மட்டும் மனு போட்டுக்குது, அதுக்கு இன்னாத்துக்குச் சீட்டு? கொடத்துல ஒரே சீட்டுதான கீது. நீயே எடுத்துக் குடேன்."

ஒலிபெருக்கியில் வேதமாணிக்கத்தின் குரல் வந்தது. எப்போதும்போல் இளகியிருந்தது. "குரல் வந்திருக்கிறது. அதைப் பதிவு செய்துகொள்கிறோம். ஆனால் விதிப்படி கைதான் வர வேண்டும்."

சிலுவையம்மாள் பின்பக்கம் ஓடி, கையில் சோறு ஒட்டியபடி மாரியப்பனையும் மற்றவர்களையும் இழுத்து வந்தாள். அவர்கள் நாற்காலியைத் தளத்தில் திருப்பினார்கள். காவலாளி வந்து பலகையைக் காட்டினான். படிக்கட்டுப் பக்கம் தூக்கினார்கள். மோகனப்ரியா மேல்படியில் நின்று, அழுதுவிடுவாள் போன்ற முகத்தோடு கையை நீட்டித் தடுத்தாள்.

"விழா முடிஞ்சிடுச்சுண்ணே. தளர்வும் முடிஞ்சிடுச்சு. தூக்கக் கூடாது."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? காலைல தூக்கினுதான வந்தோம்."

"காலையில விழா இருந்துச்சு."

"முத்தம்மா" என்று மூன்றாவது முறையும் அழைத்துவிட்டு ஒலிபெருக்கி கொரகொரத்தது. 'மனுதாரர் வரவில்லை. தகுதியானவர் கிடைக்கும்வரை கடை பூட்டிவைக்கப்படும்.' பிறகு தேசிய கீதம் போட்டார்கள். முத்தம்மாவால் எழுந்து நிற்க முடிந்தது. நின்றாள்.

மாரியப்பன் யாரையோ அடிக்க வேண்டும் என்று நினைத்தான். யாரை என்று அவனுக்குப் புரியவில்லை. எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். கடைசியில் ஆட்டோவை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தான். அவன் போன பிறகு கன்டெய்னர் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டன. ஆட்டோ வரவில்லை.

சக்கர நாற்காலியை அலுவலகத்தார் திரும்ப எடுத்துப் போயிருந்தார்கள். முத்தம்மா தளத்துக்குப் பக்கவாட்டில், கீழே, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்க முடியாமல் தளத்தின் பக்கச் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த இடத்தில் அது சரியாக அவள் இடுப்பு உயரம் இருந்தது. சிலுவையம்மாள் மதியத்துக்கு விற்க வைத்திருந்த சங்கரா மீன் தட்டை அவள் பக்கத்தில், தளத்தின்மேல் வைத்தாள்.

"இத்தப் பாத்துக்க. நான் போயி அவன எங்கனு பாத்துட்டு வரேன். ஒண்ணும் யோசிக்காத இன்னா."

"ஒண்ணும் யோசிக்கல" என்றாள் முத்தம்மா. உண்மையாகவே யோசிக்கவில்லை.

இயக்குநரின் டிரைவர் பீடி குடித்தபடி வந்தான். தட்டைப் பார்த்தான்.

"சங்கரா என்ன விலம்மா?"

முத்தம்மா அவனைப் பார்த்தாள். கேள்வி தன்னிடம்தான் என்று புரிய ஒரு கணம் ஆனது. விலை சொன்னாள். அவன் பாதியாகக் கேட்டான்.

"பாதி வெலைக்குப் பாதி மீனுதான் தருவேன். தல வேணுமா, வால் வேணுமா சொல்லு."

அவன் சிரித்தான். அவள் செவுளை விரித்து, உள்ளே சிவப்பாக இருப்பதைக் காட்டினாள். அவன் வாங்கினான். அவனைப் பார்த்து ஷாமியானா கழற்ற வந்தவர்கள் வாங்கினார்கள். சிலுவையம்மாள் திரும்பி வந்தபோது தட்டு காலி. அவள் தட்டையும் முத்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பெனிட்டோ எதற்காகக் கட்டினாரோ, தளத்தின் அந்த இடம் வாசல் கடையின் கல் மேடை உயரம்தான் இருந்தது.

மறுநாள் மாரியப்பன் ஒரு ஸ்டூலும் மரப்பலகையும் கொண்டுவந்து போட்டான். சிலுவையம்மாள் காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து இறக்கினாள். முத்தம்மா தளத்தின்மேல் பலகையை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அரிவாளைத் தீட்டினாள். தளத்தில் யாரும் ஏறுவதற்கில்லை. இறங்குவதற்கு மேலே யாரும் இல்லை. ஆகவே யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

காவலாளி தகவல் சொல்லி வேதமாணிக்கம் மாடத்துக்கு வந்து பார்த்தார். அப்புறப்படுத்தச் சொல்லத்தான் வந்தார். அதற்குள் மோகனப்ரியா ஒரு காகிதத்தோடு வந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். சாய்தளத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தலைமையகம் மாதா மாதம் கேட்டது. யாருமில்லை என்று எழுதினால் ஏன் கட்டினீர்கள் என்று கேட்கும். வேதமாணிக்கம் கீழே இன்னொரு முறை பார்த்தார். நடக்க முடியாத பெண், சாய்தளம், காலையிலிருந்து மாலை வரை. இதைவிடத் தொடர்ந்து ஒரு சாய்தளத்தை யாரும் பயன்படுத்த முடியாது.

"நாள்தோறும் ஒருவர்னு போடுங்க" என்றார். பிறகு குனிந்து, "வஞ்சிரம் வந்தா எடுத்து வைம்மா" என்றார்.

"சரி சார்."

வடக்கு வட்டத்துக்கு நற்பெயர் வந்தது. தொடர்ந்து பயன்படுத்தப்படும் ஒரே சாய்தளம் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லி, மற்ற வட்டங்களிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். வாசல் கடையின் பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்தது. முத்தம்மா அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் மீன் அறுப்பாள், மதியம் சோறு தின்பாள், சாயங்காலம் வீட்டுக்குப் போவாள். மருமகள் பெருக்கும் நேரத்தில் அவள் வீட்டில் இருப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம், வெளுத்த சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக ஒரு குழு வந்து தளத்தின் அடியில் நின்றது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எரிவாயு நாற்றத்தோடு காற்று அடித்தது. குழுவினர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். வேதமாணிக்கம் மேலே நின்றபடியே விளக்கினார். சாய்வின் கோணம், அதன் திசை, அதன் தத்துவம்.

குழுவில் ஒருவர் முத்தம்மாவிடம் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் உரக்கக் கேட்டார். "அம்மா, இந்தச் சாய்தளம் உங்களுக்கு உபயோகமா இருக்கா?"

"உபயோகமா கீது சார்" என்றாள் முத்தம்மா. பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கையில் எடுத்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பலக கழுவணும்."

அவர்கள் எங்கே தள்ளி நிற்பது என்று பார்ப்பதற்குள் அவள் தண்ணீரை ஊற்றினாள். செதிலும் குடலும் ரத்தமுமாகத் தண்ணீர் தளத்தில் இறங்கியது. சாய்வு சரியாக வேலை செய்தது. ஒரு சொட்டும் தேங்கவில்லை.